கன்வென்ஷன் முடிந்ததும் பழைய மனம் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 38. தனியார் பள்ளியில் ஆசிரியை. தினமும் விடியற்காலையில் நான்கு அதிகாரம் வாசிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். வருடம் தவறாமல் கன்வென்ஷன் என்கிற பல நாள் ஜெபக்கூட்டம். கடைசி நாள் கூட்டத்தில் அழுது ஒப்புக்கொடுத்து, புது மனுஷியாக வீட்டுக்கு வருகிறேன். இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. என் ஓரகத்தி சென்னையில் புது வீடு கட்டியிருக்கிறாள். அவள் போடும் ஸ்டேட்டஸைப் பார்த்தால் அன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வாடகைக்கே நாங்கள்தான் பணம் அனுப்பினோம். அதை நினைக்கவே கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்க்கிறேன், முடியவில்லை. "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று ரோமர் 12:2 சொல்கிறதே, என் மனம் மட்டும் ஏன் புதிதாகவில்லை? நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவள்தானா? அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் பிரதிஷ்டை (புதுமனை ஜெபம்). உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, நெல்லை மாவட்டம்

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

இரட்சிப்பைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் உள்ளே இருக்கும்வரை மற்ற எதையும் உங்களால் நிதானமாகச் செய்ய முடியாது.

ரோமர் 12-க்கு முன்னால் பதினொரு அதிகாரங்கள் இருக்கின்றன. மனுஷனுடைய பாவம், கிருபை, விசுவாசத்தினால் நீதிமானாகுதல், ஆவியானவருடைய உதவி என்று தேவன் செய்ததையெல்லாம் அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொல்லி முடிக்கிறார். அதன் பிறகுதான் "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்" என்று 12-ஐ ஆரம்பிக்கிறார். ஏற்கெனவே இரக்கம் பெற்றவர்களிடம்தான் மனம் புதிதாகட்டும் என்கிறார். அதையே இரக்கம் பெறுவதற்கான பரீட்சையாக்கிக்கொண்டால், ஒவ்வொரு பொறாமை எண்ணமும் "நீ தேறவில்லை" என்று முகத்தில் அடிக்கும். பயந்துபோன மனம் தன்னைத் தேவனிடமே மறைக்கப் பார்க்கும். மறைத்ததை யாரும் குணப்படுத்த முடியாது.

ஆசாபை நினைத்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகத் துதிசெய்யத் தாவீது நியமித்த லேவியருக்குத் தலைவர் அவர் (1 நாளாகமம் 16:4-5). பன்னிரண்டு சங்கீதங்கள் அவர் பேரில் இருக்கின்றன. அந்த ஆராதனைத் தலைவர்தான் 73-ஆம் சங்கீதத்தில், மற்றவர்களுடைய வாழ்வைக் கண்டு "பொறாமைகொண்டேன்" என்று எழுதுகிறார். "என் மனம் கசந்தது" என்கிறார். "உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்" என்கிறார். அதற்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள்: "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்; என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்." மனம் கசந்து கிடந்த நாட்களிலும் அந்தக் கை பிடியை விடவில்லை. பொறாமையைப் பாவம் என்று கண்டு, அதற்காக அழுது, வெட்கத்தை விட்டு ஒரு கடிதமும் எழுதிய நீங்கள் கைவிடப்பட்டவர் இல்லை.

இனி, மனம் ஏன் புதிதாகவில்லை என்ற கேள்வி. அதற்குத்தான் பதில் நீளும்.

கன்வென்ஷன் நாட்களில் நடப்பது பொய் இல்லை. பாட்டு, செய்தி, ஜெபம், வீட்டுக் கவலையிலிருந்து சில நாள் ஓய்வு எல்லாம் சேர்ந்து இருதயத்தை இளக்குகின்றன. ஆவியானவர் அதைப் பயன்படுத்துகிறார். ஆனால் அங்கே நீங்கள் எடுக்கும் தீர்மானம் "இனிப் பொறாமைப்பட மாட்டேன்" என்று பொதுப்படையாக இருக்கிறது. பொறாமையோ பொதுப்படையாக வருவதில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு, ஒரு படத்தைப் பார்த்ததும், ஒரு குறிப்பிட்ட வாக்கியமாக வருகிறது. அந்த வாக்கியத்துக்கு உங்களிடம் பதில் தயாராக இல்லை. இரண்டு வாரத்தில் சரிந்துவிடுகிறதே என்கிறீர்கள். அந்த வாக்கியத்தைச் சந்திக்காத எந்தத் தீர்மானமும் அவ்வளவு நாள்தான் தாங்கும்.

தினசரி வாசிப்பிலும் இதே குறைதான். வேதத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு நான்கு என்றால் பத்து மாதத்தில் முடிந்துவிடும். முழு வேதத்தையும் அறிய அது நல்ல முறை, ஆனால் நின்று யோசிக்க அதில் இடமில்லை. ஐந்தரை மணிக்கு எண்ணாகமத்தில் நான்கு அதிகாரம் வாசித்துவிட்டு ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டப் போகிறவருக்கு, இரவில் ஓரகத்தியின் படத்தைப் பார்க்கும்போது அந்த நான்கு அதிகாரத்திலிருந்து ஒரு வரியும் கைக்கு வராது. ஆறு வாரத்துக்கு வாசிப்பை ஒரே அதிகாரமாகக் குறைத்துவிடுங்கள். பின்வாங்கிவிட்டோமோ என்று குற்றமனசு வேண்டாம். மிச்ச நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

"நினைக்கவே கூடாது" என்று அடக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சிலரை உட்காரவைத்து, "ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள்; நினைத்தால் மணியை அடியுங்கள்" என்றார்கள். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன்பின் "இனி நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். அடக்கிய எண்ணம் பலம் பெற்றுத் திரும்பும். ஆண்டவரும் மத்தேயு 12:43-45-இல் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொல்கிறார். அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தது, ஆனால் வெறுமையாக இருந்தது. போனது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. உங்களுடைய உபவாசமும் கண்ணீரும் வீட்டைப் பெருக்குகின்றன. உள்ளே யார் குடியிருப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.

எபேசியர் 4:22-24-இல் பவுல் மூன்று செயல்களைச் சேர்த்தே சொல்கிறார்: பழைய மனுஷனைக் களைந்துபோடுவது, உள்ளத்திலே புதிதாவது, புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வது. அடுத்து வரும் வசனங்களில் உதாரணமும் தருகிறார். திருடுகிறவன் திருடாமல் இருந்தால் மட்டும் பவுலுக்குப் போதவில்லை. தன் கைகளினால் வேலைசெய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கிறவனாக வேண்டும் என்கிறார் (4:28). எடுத்த கை கொடுக்கிற கையாகும்போதுதான் அந்த மனுஷன் புதியவன். பெரும்பாலான விசுவாசிகள் முதல் செயலோடு நின்றுவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற சிந்தை மாற்றத்துக்கும், கடைசியில் வருகிற எதிர்ச்செயலுக்கும் திட்டமே இருப்பதில்லை.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற முயலவேண்டாம். பதிவு மட்டும் செய்யுங்கள். நாள், நேரம், எங்கே இருந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள் அல்லது கேட்டீர்கள், மனதில் ஓடிய வாக்கியம். இதில் பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வாக்கியத்துக்குப் பதிலாக "வருத்தம்", "கோபம்", "மனபாரம்" என்று உணர்ச்சியின் பெயரை எழுதிவிடுவார்கள். உணர்ச்சியிடம் வாதாட முடியாது. வாக்கியத்துக்குத்தான் பதில் சொல்ல முடியும். மனதில் எந்தப் பேச்சு வழக்கில் ஓடியதோ அதே வழக்கில், திருத்தாமல் எழுதுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை வைத்தே ஒரு பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். "செவ்வாய். இரவு 9.40. கட்டிலில் போன். மாடுலர் கிச்சன் படம். 'நாம வாடகை அனுப்பினவ இன்னைக்கு எங்க நிக்கிறா பாரு.'" இது இரவுக்குப் போதும். மறுநாள் காலையில், வெளிச்சத்தில், அந்த வாக்கியத்திடம் "அப்படியானால்?" என்று கேளுங்கள். "அப்படியானால் நாங்கள் செய்தது யாருக்கும் ஞாபகமில்லை." மறுபடியும் அப்படியானால்? "செய்ததெல்லாம் வீண்." இன்னொரு முறை. "நல்லது செய்கிறவர்களைத் தேவன் கவனிப்பதே இல்லை." இப்போது அடி தட்டுகிறது. மேலே ஓரகத்தியைப் பற்றியதாகத் தெரிந்த எண்ணம், அடியில் தேவனைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டாக இருக்கிறது. ஆசாபும் சரியாக இங்கேதான் வந்து நின்றார்: "நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணி, குற்றமில்லாமையிலே என் கைகளைக் கழுவினேன்" (73:13).

இந்த அடிவாக்கியத்துக்குத்தான் வசனம் வேண்டும். "நான் ஆசீர்வதிக்கப்பட்டவள், நான் ஜெயங்கொண்டவள்" என்று நாற்பது முறை அறிக்கைசெய்யச் சிலர் சொல்லித்தருவார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த அறிக்கை உங்கள் குற்றச்சாட்டைத் தொடவே இல்லை. பக்கத்திலேயே இரண்டும் குடியிருக்கும். வனாந்தரத்தில் சாத்தானுக்கு நம் ஆண்டவர் பதில் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். மூன்று சோதனைகள், மூன்று பதில்கள், மூன்றும் உபாகமம் 6 முதல் 8 வரையுள்ள பகுதியிலிருந்து. அப்பத்தைப் பற்றிய சோதனைக்கு 8:3, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்றதற்கு 6:16, பணிந்துகொள் என்றதற்கு 6:13. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பார்த்து எடுத்திருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி இதையே முறையாக்கினார். மனதைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிராகச் சொல்ல ஏறக்குறைய 500 வேதப்பகுதிகளைத் தொகுத்து வைத்தார். அந்த மனிதர் எண்ணங்களைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. நின்று, அவற்றின் பேச்சைக் கேட்டு, அதற்குரிய பதிலைச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

"செய்ததெல்லாம் வீண், தேவன் கவனிக்கவில்லை" என்பதற்கு நேரான பதில் எபிரெயர் 6:10. நீங்கள் காண்பித்த அன்புள்ள பிரயாசத்தை "மறந்துவிடுகிறதற்குத் தேவன் அநீதியுள்ளவரல்லவே" என்று அந்த வசனம் முடிகிறது. இதைக் கையால் எழுதுங்கள். பிறகு உங்கள் காரியத்தை அதற்குள் வைத்து ஜெபமாகச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, அந்த மாதங்களில் எங்கள் வீட்டிலும் கஷ்டம்தான். ஆனாலும் அனுப்பினோம். அவர்கள் மறந்திருக்கலாம். நீர் மறக்கவில்லை." சத்தமாகச் சொல்வது நல்லது, வாய்க்குள் சொல்லும்போது மனம் பாதியில் நழுவிவிடும். இவ்வளவுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். நோட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் அது தியானமாக இராது, புண்ணைக் கிளறுவதாகிவிடும். இரவுக்கு அந்தச் சின்னப் பதிவு போதும் என்று சொன்னதும் இதற்காகத்தான். களைத்த மனம் வாதாடினால் தோற்கும்.

அந்த வாடகைப் பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அது கடனா, கொடையா? நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். கடன்தான், இப்போது தேவையும் இருக்கிறது என்றால், உங்கள் கணவர் தன் சகோதரரிடம் நேராக, மரியாதையாகக் கேட்கலாம், அதில் பாவமில்லை. கொடை என்றால் இனி அதற்குக் கணக்கு வைக்கக் கூடாது. "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்" என்றார் ஆண்டவர் (லூக்கா 6:35). இரண்டும் இல்லாமல், வாயால் கொடை என்றும் மனதால் கடன் என்றும் பல வருடம் வைத்திருப்பதுதான் உங்களுடைய கசப்புக்குத் தினமும் தீனி போடுகிறது. என் கணிப்பில், புது வீட்டைவிட இந்த முடிக்கப்படாத கணக்குதான் உங்களை அதிகம் வதைக்கிறது.

காலையில் மிச்சமான நேரத்தை 73-ஆம் சங்கீதத்துக்குக் கொடுங்கள். மொத்தம் 28 வசனங்கள். திங்கள் 1-3, செவ்வாய் 4-12, புதன் 13-16, வியாழன் 17-20, வெள்ளி 21-24, சனி 25-28. ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் முழுவதும். அன்றைய பகுதியைச் சத்தமாக, நிதானமாக இரண்டு முறை வாசியுங்கள். இதில் ஆசாப் தேவனிடம் என்ன சொல்கிறார், அதை என்னால் சொல்ல முடியுமா என்ற ஒரே கேள்வி போதும். பதினைந்து நிமிடம். அடுத்த வாரம் வேறு சங்கீதத்துக்குத் தாவாமல் இதையே மறுபடியும் எடுங்கள், நான்கு வாரம். மூன்றாவது வாரத்தில் சலிப்புத் தட்டும். அப்போதுதான் வசனம் கண்ணிலிருந்து மனதுக்கு இறங்க ஆரம்பிக்கும், விட்டுவிடாதீர்கள். கூடவே 23 முதல் 26 வரை வாரத்துக்கு ஒரு வசனமாக மனப்பாடம் செய்யுங்கள். பார்த்து வாசிப்பதால் மனப்பாடம் ஆகாது, பார்க்காமல் சொல்லித் தடுமாறித் திரும்பப் பார்ப்பதால்தான் ஆகும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற உங்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரிசி களையும்போது, ஸ்கூல் பஸ்ஸில், வராந்தாவில் நடக்கும்போது சொல்லிப் பாருங்கள்.

வியாழக்கிழமைப் பகுதியில் எச்சரிக்கையாக இருங்கள். துன்மார்க்கர் சறுக்கலான இடங்களிலிருந்து பாழாய் விழுவதைப் பற்றி அங்கே வருகிறது. உங்கள் ஓரகத்தி துன்மார்க்கர் இல்லை. வீடு கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அவர்கள் கடனில் மாட்டுவதையோ வீட்டில் குறை வருவதையோ கற்பனை செய்து உங்களுக்கு ஆறுதல் கிடைத்தால், சங்கீதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆசாப் போய்ச் சேர்ந்த இடம் 25-ஆம் வசனம்: "பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு? பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை." சங்கீதம் முடிகிறபோதும் அவருக்குப் புது வீடு கிடைத்ததாக எழுதியில்லை. அவருடைய சூழ்நிலை அப்படியேதான் இருக்கிறது. தனக்கு எது பங்கு என்கிற பார்வை மாறியிருக்கிறது. உற்சாகப் பேச்சாளர்கள் சொல்லும் நல்லெண்ணப் பயிற்சிக்கும் வேதம் சொல்லும் புதிதாகுதலுக்கும் இதுவே வித்தியாசம்.

அந்த மாற்றம் எங்கே நடந்தது என்பதையும் 17-ஆம் வசனம் சொல்கிறது: பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபோது. தனியாக யோசித்த வரைக்கும் அவருக்கு அது விசனமாகவே இருந்தது. ஆகவே ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை வேளை வரும்போது, "எங்கள் பாவங்களை மன்னியும்" என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்லிவிட்டுக் கடந்துபோகாமல், அந்த வார நோட்டிலிருந்து ஒரு வாக்கியத்தை மனதில் எடுத்துத் தேவனிடம் கொடுங்கள். மன்னிப்பின் வார்த்தை அந்த வாக்கியத்துக்காகவே சொல்லப்படுவதாகக் கேளுங்கள். திருவிருந்துக்குப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

மனிதர்களில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. அந்த ஒருவர் பெண்ணாக, உங்களைவிட மூத்த விசுவாசியாக, உங்கள் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும். இதுவரை மற்றவர்களைப் பற்றி உங்களிடம் எதையும் கொண்டுவராதவராகவும் இருக்கவேண்டும். அவர்தான் உங்களைப் பற்றியும் வெளியே கொண்டுபோக மாட்டார். பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஜெபக்குறிப்பாகப் போட்டுவிடாதீர்கள். "ஒரு சகோதரிக்காக, குடும்பத்தில் ஒருவரால் மனவேதனை" என்று பூடகமாகப் போட்டாலும் மாலைக்குள் யார், எவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அது ஓரகத்தியின் காதுக்குப் போனால் பொறாமையோடு பகையும் சேரும்.

சரீரத்தையும் கவனிக்கவேண்டும். மனம் புதிதாவதைச் சொல்வதற்கு முந்தின வசனத்திலேயே, "உங்கள் சரீரங்களை" ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார் பவுல். கண்ணும் விரலும் சரீரம்தான். ஓரகத்தியின் ஸ்டேட்டஸை மியூட் செய்துவிடுங்கள், அவருக்குத் தெரியப்போவதில்லை. போனை இரவு ஒன்பதுக்குமேல் ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கத்தை ஆவிக்குரிய காரியமாகவே எண்ணுங்கள். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியாவுக்கு முதலில் பிரசங்கம் வரவில்லை. தூதன் தட்டியெழுப்பிப் போஜனம் கொடுத்தான். எலியா மறுபடியும் படுத்தார். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிக் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). தேவன் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான். ஐந்து மணி நேரமே தூங்கி, வெள்ளிக்கிழமை பட்டினியும் இருந்து, நாள் முழுக்க வகுப்பில் நின்று பேசுகிறவருக்கு அன்றிரவு சின்ன எண்ணம்கூட மலையாகத் தெரியும். தூக்கம் சரியாகும்வரை உபவாசத்தை ஒரு வேளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு எல்லையையும் சொல்லவேண்டும். பல நாட்களாகவே தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி இருளாகவே தெரிந்தால், வேலையில் கை ஓடவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தாமதிக்காமல் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான். ஜெபத்தையும் சிகிச்சையையும் எதிரெதிராக நிறுத்தவேண்டியதில்லை.

எவ்வளவு நாளில் மாறும் என்று கேட்பீர்கள். முதலில் வருகிற எண்ணம் நிற்பதற்கு நாளாகும். சிலருக்கு அது கடைசிவரை எட்டிப்பார்க்கும். அதை வைத்து அளக்காதீர்கள். எண்ணம் வருவதும், அதை உட்காரவைத்து உபசரிப்பதும் வேறு வேறு. "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பெண்கள் பாடியதைக் கேட்டபோது சவுலுக்குக் குத்தியது இயல்பு. ஆனால் "அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்" (1 சாமுவேல் 18:9) என்று எழுதியிருக்கிறதே, அங்கேதான் விழுந்தான். அந்த ஒரு நாளின் குத்தலைத் தினசரிப் பார்வையாக்கிக்கொண்டான். உங்கள் நோட்டில் பார்க்கவேண்டியது இது: போன மாதம் மூன்று நாள் நீடித்தது இந்த மாதம் ஒரு இரவில் முடிகிறதா? பதில் சொல்ல எடுக்கும் நேரம் குறைகிறதா? ஓரகத்தியின் பெயரை ஜெபத்தில் சொல்லும்போது தொண்டை அடைப்பது குறைகிறதா? உள்ளான மனுஷன் "நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்று 2 கொரிந்தியர் 4:16 சொல்வதை நோட்டின் பக்கங்களில் நீங்களே பார்க்கலாம். இடையில் ஒரு வாரம் பழையபடி ஆகிவிட்டால், அந்த வாரத்தையும் எழுதிவைத்துவிட்டுத் தொடருங்கள். அடுத்த கன்வென்ஷன் வரைக்கும் காத்திருக்கவேண்டாம்.

இப்போது வீட்டுப் பிரதிஷ்டை. போகாமல் இருக்காதீர்கள், அதுவும் உடம்பு சரியில்லை என்ற பொய்யோடு வேண்டவே வேண்டாம். களைந்துபோடவேண்டியவற்றின் பட்டியலை எபேசியர் 4:25 பொய்யில்தான் ஆரம்பிக்கிறது. மேலும், நீங்கள் போகாத வீடு உங்கள் கற்பனையில் பெரிதாகிக்கொண்டே போகும். போய்ப் பார்த்தால் அது சுவரும் கதவும் உள்ள ஒரு வீடு, அங்கேயும் ஒரு பாத்ரூம் குழாய் ஒழுகும். "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்" என்பதும் ரோமர் 12-இல்தான் இருக்கிறது, 15-ஆம் வசனம். மனம் புதிதாகும் என்று சொன்ன அதே அதிகாரம் அதன் செயலையும் சொல்லிவிடுகிறது.

போவதற்கு இன்றே ஆயத்தம் செய்யுங்கள். இன்றிலிருந்து தினமும் ஓரகத்தியின் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் ஜெபியுங்கள். "அவளுக்குத் தாழ்மையைக் கொடும்" என்கிற ஜெபம் வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டில் சமாதானம், பிள்ளைகளுக்குச் சுகம், வீட்டுக் கடன் தவணை தடையில்லாமல் கட்டும் பலம் என்று உங்கள் வீட்டுக்குக் கேட்பதையே கேளுங்கள். முதல் சில நாள் உதட்டளவில்தான் வரும், பரவாயில்லை, சொல்லுங்கள். பரிசு உங்கள் வசதிக்குள் இருக்கட்டும். கடன் வாங்கி வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தால் அது அன்பளிப்பின் பெயரில் நடத்தும் போட்டி. முந்தின இரவு முழுக்கப் பயணம் செய்து தூக்கம் கெட்டு நிற்பதைவிட, முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய் ஓய்வெடுங்கள். வழியில் நீங்கள் மனப்பாடம் செய்த வசனங்களைச் சொல்லிக்கொண்டு போங்கள்.

அங்கே போனதும் ஒரு மூலையில் உட்காராமல் வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். பந்தி பரிமாறலாம், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். வேலைசெய்கிற கை இருந்தால் கண் அளவெடுத்துக்கொண்டிருக்காது. சமையலறையை நீங்களே கேட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு உண்மையான ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "வெளிச்சம் நல்லா வருது" போதும். மனதில் இல்லாத பெரிய புகழ்ச்சி வேண்டாம், திரும்பும் வழியில் அதுவே உங்களைக் கடிக்கும். பழைய வாடகைக் கதையை யாராவது, முக்கியமாக உறவுக்காரப் பெரியவர்கள், உங்களைப் பாராட்டுவதாக எண்ணி எடுத்தால், "அதெல்லாம் கர்த்தர் நடத்தினது, இப்ப எதுக்கு" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். அந்த ஒரு பதிலைச் சொல்ல இன்றிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மிகவும் கடினமாக இருக்கப்போவது அதுதான். ஜெபம் முடிந்து, சாப்பிட்டு, ஓரகத்தியிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அன்றிரவு எண்ணம் வந்தால் நோட்டில் ஒரே ஒரு வரி. மிச்சம் மறுநாள் காலைக்கு.